எம்.பி. கேட்ட கேள்விக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

நாலுமுனைச்சந்தி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊருக்கு மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கிளை வரப்போகிறது என்று 9 வருடமாகப் பேச்சு. ஊர் பேரும் வேண்டாம், நிறுவனத்தின் பேரும் வேண்டாம், அங்கே வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பைபாஸை ஒட்டி இடம் ஒதுக்கி 2 முறை பூமி பூஜை போட்டார்கள். இரண்டு முறையும் எனக்குச் சுண்டல் கிடைத்தது. முள்வேலி போட்டதோடு சரி. உள்ளே இப்போது சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

போன கூட்டத்தொடரில் எங்கள் எம்.பி. மக்களவையில் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார் என்று அவருடைய ஆட்கள் வாட்ஸ்அப்பில் போஸ்டர் போட்டார்கள். பதில் என்னதான் வந்தது பார்ப்போம் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் அரை மணி நேரம் துழாவி பிடிஎஃப்பை எடுத்தேன். எம்.பி. நாலு பகுதியாகக் கேட்டிருக்கிறார்: திட்டம் இருக்கிறதா, எப்போது தொடங்கும், எவ்வளவு ஒதுக்கினீர்கள், தாமதத்துக்குக் காரணம் என்ன. பதில்: "(அ) முதல் (ஈ) வரை: இந்தப் பொருள் பரிசீலனையில் உள்ளது." ஒரே வரி.

543 பேரை அனுப்பி, அவ்வளவு பெரிய கட்டடம் கட்டி, கடைசியில் இந்த ஒரு வரிதானா? இதைத்தான் அரசு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமா?

தூங்காநகர்

ஒரு வரியாவது வந்ததே, சந்தோஷப்படுங்கள். நான் டிவியில் பார்ப்பதெல்லாம் அமளி, பதாகை, "அவை 2 மணி வரை ஒத்திவைக்கப்படுகிறது". மிஞ்சிப்போனால் வெளிநடப்பு. ஆளுங்கட்சி எம்.பி. வாயைத் திறக்க மாட்டார். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போய்விடும். எதிர்க்கட்சி கத்துவதை அரசு கண்டுகொள்ளாது. இதில் யார் யாரைக் கேள்வி கேட்பது?

கணக்குப்பிள்ளை

@நாலுமுனைச்சந்தி, அந்த ஒரு வரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான்.

நான் டெல்லியில் ஒரு எம்.பி.யிடம் கொஞ்ச காலம் உதவியாளராக இருந்தேன், கேள்வி எழுதிக் கொடுப்பதுதான் பாதி வேலை. அதனால் முதலில் கேள்வி எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். மக்களவையில் ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு 5 கேள்வி வரை கொடுக்கலாம், 15 நாள் முன்னால் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. வருகிற கேள்விகளைக் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். நிஜமாகவே சீட்டுக் குலுக்கல்தான், இப்போது கம்ப்யூட்டர் குலுக்குகிறது. அதில் 20 கேள்விக்கு நட்சத்திரக் குறி கிடைக்கும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் துணைக் கேள்வியும் கேட்கலாம். 230 கேள்வி நட்சத்திரம் இல்லாதவை, அவற்றுக்கு எழுத்தில் மட்டும் பதில். உங்கள் எம்.பி.யின் கேள்வி இந்த 230-ல் ஒன்றாகத்தான் இருக்கும்.

நட்சத்திரக் கேள்வி 20 என்று பேர்தான், ஒரு மணி நேரத்தில் 5 அல்லது 6-க்கு மேல் வாய்மொழியாக நகராது. மீதியும் எழுத்துப் பதிலாகப் போய்விடும். அதுவும் அவை நடந்தால். 2009 நவம்பர் 30-ஆம் தேதி வேறு ஒரு கூத்து நடந்தது. அமளி எதுவும் இல்லை, ஆனால் கேள்வி கொடுத்த எம்.பி.க்களில் பெரும்பாலானோர் அவைக்கே வரவில்லை. கேள்வி நேரம் பாதியில் படுத்துவிட்டது.

கேள்வி எழுதுவதற்கும் விதி இருக்கிறது. விதி 41 என்று ஒன்று: 150 வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, வாதம் கூடாது, அனுமானம் கூடாது, கிண்டல் கூடாது, அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. நான் எழுதியதில் எத்தனை அடிபட்டிருக்கிறது என்று கணக்கே இல்லை.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். "பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துச் சொல்கிறேன்", "தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அதற்கு நாடாளுமன்றக் கணக்கில் உறுதிமொழி என்று பேர். இந்த மாதிரி சொற்றொடர்களுக்குப் பட்டியலே இருக்கிறது. நாடாளுமன்ற விவகார அமைச்சகம் அவைக் குறிப்புகளில் இருந்து அவற்றைப் பொறுக்கி எடுத்துச் சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்கு அனுப்பும். 3 மாதத்தில் நிறைவேற்றி அவையில் அறிக்கை வைக்க வேண்டும். முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும், அல்லது கைவிட அனுமதி கேட்க வேண்டும். இதைத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மக்களவையில் 1953-ல் இருந்து, 15 உறுப்பினர்கள், அமைச்சர் யாரும் அதில் இருக்க முடியாது. செயலாளர் மட்டத்து அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து "ஏன் இன்னும் முடியவில்லை" என்று கேட்பார்கள்.

நாலுமுனைச்சந்தி

இது தெரியவே தெரியாது. அப்படியென்றால் எங்கள் பொட்டல் எங்கேயோ ஒரு பட்டியலில் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

இருக்க வேண்டும். குழுவின் அறிக்கைகளில் நிலுவைப் பட்டியல் வரும். தேடிப் பாருங்கள், பொறுமை வேண்டும்.

பென்ஷன்தாத்தா

தம்பிகளே, நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஒரு மத்திய அமைச்சகத்தில் 31 வருடம், செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றேன். எந்த அமைச்சகம் என்று கேட்காதீர்கள்.

கூட்டத்தொடர் தொடங்கினால் எங்களுக்கு லீவு கிடையாது. "பார்லிமென்ட் கொஸ்டின்" என்று சீட்டு ஒட்டிய ஃபைல் வந்தால் மேஜையில் இருக்கிற மற்றதெல்லாம் ஓரமாகப் போய்விடும். எந்தப் பிரிவு பதில் எழுதுவது என்று முதல் நாள் முழுக்கச் சண்டை, "இது எங்கள் விஷயம் இல்லை, பக்கத்து அமைச்சகத்துக்கு மாற்றுங்கள்" என்று. அப்புறம் மாநிலங்களுக்கு அவசரத் தகவல் கேட்டு அனுப்புவோம், பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். நட்சத்திரக் கேள்வி என்றால் இன்னும் கொடுமை. பதில் அரைப் பக்கம்தான் இருக்கும். ஆனால் துணைக் கேள்வியாக எது வந்தாலும் அமைச்சர் முழிக்கக் கூடாது என்று ஒரு தடித்த குறிப்புக் கட்டு தயார் பண்ண வேண்டும். அவரவர் கற்பனைக்கு எட்டிய கேள்வியெல்லாம் அதில் இருக்கும். கேள்வி நேரத்தில் எங்கள் மேலதிகாரிகள் அதிகாரிகளுக்கான மாடத்தில் உட்கார்ந்து துண்டுச் சீட்டு எழுதிக் கீழே அனுப்புவார்கள். அந்த ஒரு மணி நேரம் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

அதனால் கேள்வி பயனில்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். 4 வருடம் நகராத ஃபைல், கேள்வி வந்த ஒரே காரணத்துக்காக 4 நாளில் இணைச் செயலாளர் வரைக்கும் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாவத்தைக் கழித்த மாதிரி இருக்கும். உறுதிமொழி ஆகிவிடாமல் பதில் எழுதுவது எங்களுக்கு ஒரு கலை. ஜூனியர் ஒருவன் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிக் கொண்டுவந்தால் பெரியவர் அடித்துவிட்டு "தற்போது அத்தகைய திட்டம் எதுவும் இல்லை" என்று மாற்றுவார். (அ) இல்லை. (ஆ) முதல் (ஈ) வரை கேள்வி எழவில்லை. முடிந்தது கதை. உங்கள் ஊர் பதிலை எழுதியவன் அனுபவம் இல்லாதவன் போலிருக்கிறது, உங்கள் அதிர்ஷ்டம்.

தூங்காநகர்

தாத்தாவே ஒத்துக்கொண்டார், நான் சொன்னது சரியாகப் போயிற்று. "எழவில்லை" என்பதைவிட மோசமான பதில் ஒன்று உண்டு, "அத்தகைய புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை". 2020 ஊரடங்கில் ஊருக்கு நடந்தே போய் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று அந்தச் செப்டம்பரில் மக்களவையில் கேட்டார்கள். தொழிலாளர் அமைச்சகம் கணக்கு இல்லை என்றது. கணக்கே இல்லாதபோது இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை என்றும் அதிலேயே இருந்தது. மறு வருடம் ஜூலையில் மாநிலங்களவையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் எத்தனை பேர் இறந்தார்கள் என்றதற்கு, அப்படிக் குறிப்பிட்டு எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்றார்கள். அந்த 2 மாதம் சிலிண்டருக்கு அலைந்தவன் நான். பிடிஎஃப்பில் "இல்லை" என்று வந்துவிட்டால் அது நடக்கவே இல்லையா?

அந்த 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள், கொரோனா என்று. எழுத்துப் பதில் மட்டும்தான். துணைக் கேள்வி கேட்க வழியில்லை.

வைகைக்கரை

அந்தப் பதில்களே பிறகு அரசுக்கு எவ்வளவு சங்கடம் ஆயின என்பதையும் பாருங்கள். எழுத்தில் இருந்ததால்தானே நீங்கள் இத்தனை வருடம் கழித்தும் தேதியோடு சொல்கிறீர்கள்.

மழுப்பல் பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பழைய கதை ஒன்று, நம்ம ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது. எல்.ஐ.சி. 1956-ல் தொடங்கியது. அடுத்த வருடமே ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் 6 கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. கம்பெனிகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்தன, விலையும் கூடுதல். மக்களவையில் கேள்வி வந்தது, நிதியமைச்சகம் பட்டும் படாமலும் பதில் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு டிசம்பரில் விவாதத்தைக் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன்! கையில் ஆவணங்களோடு நின்று எப்போது வாங்கினீர்கள், என்ன விலைக்கு வாங்கினீர்கள், யார் சொல்லி வாங்கினீர்கள் என்று அடுக்கினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை, அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். (பிறகு திரும்ப வந்து மறுபடியும் நிதியமைச்சர் ஆனார், அது தனி.)

கேள்வி, மழுப்பல், விவாதம், விசாரணை, ராஜினாமா எல்லாம் 6 மாதத்துக்குள்.

தூங்காநகர்

ஆளுங்கட்சி எம்.பி. இப்படிப் பேசியது 1957-ல். இன்றைக்கு ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சமீபத்துக் கதைக்கு வாருங்கள். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு. அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை 2010-ல் வந்தது, 1.76 லட்சம் கோடி அனுமான இழப்பு. தொலைத்தொடர்பு அமைச்சர் ராசா ராஜினாமா செய்தார். அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடர் முழுக்க, விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும் என்று முடக்கிப் போட்டார்கள். பொதுக்கணக்குக் குழுவில் முரளி மனோகர் ஜோஷி தயாரித்த வரைவு அறிக்கையை அந்தக் குழுவின் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். கூட்டுக்குழு அறிக்கையும் கட்சி வாரியாகப் பிரிந்தது. 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. இதில் நாடாளுமன்றம் கண்டுபிடித்தது என்ன?

உடன்பிறப்பு77

அதான் விடுவித்தாச்சே, அப்புறம் என்ன 2ஜி 2ஜி என்று. முதலில் உங்கள் ஆட்கள்

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மீதி நீக்கப்பட்டது. கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. தொடருங்கள்.

கணக்குப்பிள்ளை

2ஜியில் குழுக்கள் சொதப்பியது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பொதுக்கணக்குக் குழு அந்த ஒரு வருடம் மட்டும் இருந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் 1921-ல் வந்தது. 22 உறுப்பினர்கள், 1967-இல் இருந்து எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். சி.ஏ.ஜி. அறிக்கையின் ஒவ்வொரு பத்தியையும் வைத்து அதிகாரிகளைக் கேட்பார்கள். கதவு மூடியிருக்கும், கேமரா கிடையாது. அதனால்தான் அங்கே ஆளுங்கட்சி உறுப்பினரும் சில நேரம் நல்ல கேள்வி கேட்பார். அவையில் சீறிக்கொண்ட 2 பேர் குழு அறையில் ஒரே தட்டில் இருந்து முந்திரி எடுத்துக்கொண்டு ஒரே அதிகாரியை வறுத்தெடுத்ததை நான் உதவியாளராக இருந்த எம்.பி. சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இந்தக் குழுக்களைப் பட்டினி போடுவதுதான் என் பெரிய வருத்தம். 15-ஆவது மக்களவையில் (2009-14) 71 சதவீத மசோதாக்கள் அலசுவதற்காக நிலைக்குழுக்களுக்குப் போயின. 17-ஆவதில் (2019-24) 16 சதவீதம்.

வடமராட்சியான்

எங்கட இலங்கைப் பக்கத்துக் கதையையும் சொல்லட்டுமோ. பாராளுமன்றம் உண்மையிலேயே அரசைப் பிடிச்சு நிறுத்தினதை நான் 2018-இல் பார்த்தனான். ஒக்டோபர் 26 இரவு ஜனாதிபதி மைத்திரி, ரணிலை நீக்கிப்போட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார். பிறகு பாராளுமன்றத்தையே கலைச்சார், உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்திப்போட்டுது. நவம்பர் 14 மகிந்தவுக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறினது. 16-ஆம் திகதி சபைக்குள்ள மிளகாய்த் தூள் வீச்சு, கதிரை வீச்சு, சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போட உள்ளுக்கு வந்தார். அதுக்குள்ளயும் வாக்கெடுப்பு நடந்தது, அதுதான் விசயம். டிசம்பர் 12-இல் ரணிலுக்கு 117 பேர் ஆதரவு குடுத்தவை, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின்ர ஆக்களும் அதுக்குள்ள. அடுத்த நாள் கலைச்சது பிழை எண்டு தீர்ப்பு வந்தது.

ஆனா எங்கட சனத்தின்ர காணி, காணாமல் போன ஆக்கள் எண்டு எத்தினை கேள்வி அதே சபையில கேட்டாச்சு. அதுக்கும் "பரிசீலனை"தான்.

நாலுமுனைச்சந்தி

@வடமராட்சியான், மிளகாய்த் தூள் வீடியோ அப்போது எங்கள் குழுவிலும் சுற்றியது. அதற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது தெரியாது.

இங்கே அரசையே இறக்கியதும் நடந்திருக்கிறதே. 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் அரசு 269-க்கு 270. அ.தி.மு.க. ஆதரவை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததால் வந்த வாக்கெடுப்பு. என் அப்பா கடைக்குப் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது, அவர் கடைக்குப் போகாத நாள் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

வைகைக்கரை

ஒரு ஓட்டில் கவிழ்வது கூட்டணி காலத்து விஷயம். பெரும்பான்மை இருக்கும்போது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் பயன் வேறு. முதல் தீர்மானமே, 1963-ல் கிருபளானி நேரு மீது கொண்டுவந்தது, 62-க்கு 347 என்று தோற்றது. தோற்கும் என்று கிருபளானிக்குத் தெரியாதா? சீனப் போரைப் பற்றி அரசு உட்கார்ந்து கேட்டாக வேண்டும், அதற்குத்தான். 2023 ஆகஸ்டில் மணிப்பூருக்காகக் கொண்டுவந்ததும் அப்படித்தான், பிரதமர் அவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு வேறு வழி இல்லாமல் போனது. குரல் வாக்கெடுப்பில் தோற்றது. ஆனால் பிரதமர் 2 மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டி வந்தது. மணிப்பூரைப் பற்றி அதில் எவ்வளவு நேரம் என்பது வேறு சண்டை.

பென்ஷன்தாத்தா

பணத்தை யாருமே பேசவில்லையே. அரசின் குடுமி அங்கேதான் இருக்கிறது. மக்களவை ஒப்புக்கொள்ளாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. ஒவ்வொரு அமைச்சகமும் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கைக்கும் எம்.பி. வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால் "தொகையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்" என்று, குறை சொல்ல வேண்டும் என்றால் "100 ரூபாய் குறைக்க வேண்டும்" என்று. கோடிக் கணக்கில் 100 ரூபாய் வெட்டு! நிறைவேறினால் அரசு மானம் போய்விடும், அதனால் நிறைவேறாது. ஆனால் அந்தச் சாக்கில் விவாதம் நடக்கும். இப்போது 2, 3 அமைச்சகத்தைப் பேசிவிட்டு மீதியை விவாதம் இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்கு விட்டு ஒரே போடு, அதற்குக் கில்லட்டின் என்று பேர். 2018-லும் 2023-லும் மொத்தத்தையும் விவாதமே இல்லாமல் போட்டார்கள்.

தூங்காநகர்

விவாதம் நடக்க அவை நடக்க வேண்டுமே தாத்தா. முதல் மக்களவை வருடத்துக்குச் சராசரி 135 நாள் உட்கார்ந்தது, 17-ஆவது 55 நாள். அந்த 5 வருடமும் துணை சபாநாயகரே கிடையாது, அதற்கு முந்தைய 5 வருடம் நம்ம தம்பிதுரை இருந்த நாற்காலி. 2023 டிசம்பரில் மக்களவைக்குள் புகைக்குப்பி வீசியவர்களைப் பற்றி உள்துறை அமைச்சர் பதில் சொல்லுங்கள் என்று கேட்டதற்கு இரண்டு அவையிலும் சேர்த்து 146 பேர் சஸ்பெண்ட். அவர்கள் கொடுத்து வைத்திருந்த கேள்விகளையும் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று, தாத்தா சொன்ன துண்டுச் சீட்டு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவை நடந்தால் பயப்படுகிறார்கள், அதனால்தான் நடக்கவிடுவதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை

முதல்முறையாக உங்களோடு ஒத்துப்போகிறேன், தேதி குறித்து வைத்துக்கொள்கிறேன்.

எதிர்க்கட்சிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அரை மணி நேரம் கத்தினால் மாலைச் செய்தியில் முகம் வரும். துணைக் கேள்விக்கு 3 நாள் படித்துவிட்டு வந்து அமைச்சரை மடக்கினால் யாரும் காட்ட மாட்டார்கள். 2005-ல் கேள்வி கேட்கக் காசு வாங்கி 11 எம்.பி.க்கள் பதவி இழந்ததுதான் கேள்வி நேரத்தைப் பற்றி ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே செய்தி.

நாலுமுனைச்சந்தி

கிடைத்துவிட்டது! 2 ராத்திரி தேடினேன். உறுதிமொழிக் குழு அறிக்கை ஒன்றின் இணைப்பில், அட்டவணையின் நடுவில் எங்கள் ஊர் பேர். எழுத்துப்பிழையோடு. கேள்வி எண், தேதி, "பொருள் பரிசீலனையில் உள்ளது", எதிரே "அவகாச நீட்டிப்பு கோரப்பட்டுள்ளது". இரண்டாவது முறை கேட்டிருக்கிறார்கள். என்ன காரணம் சொல்லிக் கேட்டார்கள் என்று அதில் இல்லை. ஆனால் யாரோ ஒருத்தர் 3 மாதத்துக்கு ஒரு முறை இந்தக் கருவேலங்காட்டுக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

இனி நான் என்ன செய்ய? எம்.பி. ஆபீசில் பழக்கமான பையன் இருக்கிறான், எழுதிக் கொடுத்தால் அனுப்புகிறேன் என்கிறான்.

கணக்குப்பிள்ளை

இப்படிக் கொடுங்கள்.

(அ) மேற்படி கிளைக்கான நிலம் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட தேதி என்ன;
(ஆ) கடந்த 5 ஆண்டுகளில் இதற்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை எவ்வளவு, ஆண்டு வாரியாக;
(இ) கட்டுமானத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா, கோரப்பட்டிருப்பின் தேதி என்ன;
(ஈ) இன்ன தேதியில் இன்ன எண் கேள்விக்கு இந்த அவையில் அளித்த உறுதிமொழி நிறைவேறாததன் காரணம் என்ன?

"எப்போது வரும்" என்று கேட்காதீர்கள், விரைவில் என்பார்கள். தேதி, தொகை கேளுங்கள்.

பென்ஷன்தாத்தா

(ஈ)-யை மாற்றாதீர்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்திருப்பேன்.

நாலுமுனைச்சந்தி

(உ) என்று ஒன்று சேர்க்கலாமா? இரண்டு பூமி பூஜைக்கும் சுண்டல் செலவு எவ்வளவு, ஆண்டு வாரியாக?

கணக்குப்பிள்ளை

விதி 41.